மூணு ஏழு வண்டியும் என் ஆறு பிள்ளைகளும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவர் மேலும் ஒரு கீறல் விழ விட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றில் என் வீட்டுக்காரர் விழுப்புரம் போகிற பஸ்ஸில் இறந்துபோனார். பஸ் எதன் மீதும் மோதவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். ஆனாலும் அந்த பஸ்ஸில் அதற்கப்புறம் என் பிள்ளைகள் யாரையும் ஏற்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நான் கண்டக்டரை விசாரித்து முடிக்கிற வரைக்கும் யாரும் படியில் கால் வைக்கக் கூடாது.

“இந்த வண்டி இதுவரைக்கும் எத்தினி பேரை அடிச்சிருக்குது?”

“ரெண்டு ஆடு, ஒரு மைல்கல்லு. ஜல்தி ஏறும்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேட்டுக்கினு நிக்காத.”

ஆடு என்றால் ஏறலாம். ஆள் என்றால் அடுத்த பஸ்.

கடைசிப் பெண் நர்சுக்குப் படித்தாள். இரண்டாயிரத்து ஏழில் துபாய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. நான் விசாரிக்காமல் போகக் கூடாது என்றேன். விழுப்புரத்தில் விமான டிக்கெட் போடுகிறவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தலை நரைத்த, பொறுமையான மனிதர்.

“ஓட்டுறவரைப் பாக்கணும்,” என்றேன்.

“அவரு அன்னன்னிக்கு மாறுவாருங்கம்மா. வண்டி மூணு ஏழு மாடலுங்க. பத்து வருஷத்துக்கு மேல ஓடுது. உள்ள குந்திக்கினு போனவங்க ஒருத்தரும் அடிபட்டு சாவலைங்க.”

“ஆடு?”

“வானத்துல ஆடு இல்லீங்கம்மா.”

எனக்கு எழுத்து சரியாக வராது, எண் வரும். துண்டுச்சீட்டில் மூன்று ஏழையும் வரிசையாக எழுதித் தரச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகுதான் அனுப்பினேன்.

மறு வருஷம் லண்டனில் அதே மாடல் ஒன்று, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே புல்லில் இறங்கிவிட்டது. எல்லோரும் உயிரோடு வந்தார்கள். அதை ஆட்டுக் கணக்கில் சேர்த்தேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அமெரிக்காவில் ஒன்று இறங்கும்போது இடித்துக்கொண்டது. மூன்று பேர் செத்தார்கள் என்று டிவியில் சொன்னார்கள். என் பெண் அந்த மாடலில்தான் லீவுக்கு வருவதாக இருந்தாள். அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன் போட்டேன்.

“அதுல ஏறாத.”

“வேற வண்டின்னா சுத்திக்கினு வரணும்மா. இருக்கிறதே பத்து நாள் லீவு. இப்ப டிக்கெட்டை மாத்தினா இந்த வருஷம் வரவே முடியாது.”

“வராட்டி போ. உயிரோட இரு.”

அவள் கேட்டாள்: “சின்னதுல என்னை மல்லாட்டை மூட்டை மேல உக்கார வெச்சு மாட்டு வண்டி ஓட்டிக்கினு போனியே. கீழ விழுந்து தாடையில தையல் போட்டாங்களே. அது உன் கணக்குல வருமா?”

“அது வண்டியோட தப்பு.”

“ஓட்டினது நீதானம்மா. அதுக்கோசரம் உன்னாண்ட வரமாட்டேன்னு நான் சொன்னனா?”

அந்த விமானத்திலிருந்து முந்நூறு பேருக்கு மேல் உயிரோடு இறங்கினார்கள் என்றும் டிவியில் சொல்லியிருந்தார்கள். அதை நான் காதில் வாங்காமல் இருந்தேன். இப்போது வாங்கிக்கொண்டேன்.

“சரி, ஏறு,” என்றேன். “இறங்கினதும் போன் பண்ணு.”

இறங்கினதும் போன் செய்தாள். மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அந்த பஸ் எத்தனை ஆட்டை அடித்தது என்று கண்டக்டரைக் கேட்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பித் தாடையைப் பார்த்தேன். தையல் தழும்பு அப்படியே இருந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதினவள் என் மூத்தவன் மகள்.

“கண்ணு, மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. கீறல்னு வர்ற எடத்துல நிறுத்து. அங்க ‘ஒருத்தியைத் தவிர’ன்னு சேக்கணும்.”