அரை டம்ளர் கருப்பட்டிக் காப்பி

ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் பார்த்த தவசிமுத்துவுக்கு விடியற்காலைப் பூசை என்றாலே இளக்காரம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும், கிறிஸ்மஸ் என்றால் அவருக்கு நடுச்சாமப் பூசைதான். திருவொற்றியூர்க் கோயிலில், ஆலையில் ராத்திரி வேலை முடித்து வருகிறவர்களுக்காக ஐந்து மணிக்குப் பூசை வைக்கிறார்கள் என்று கேட்டு, "பாலன் பொறந்து அஞ்சு மணி நேரம் கழிச்சா போயிப் பாப்பாவ?" என்று சிரித்த மனுஷன்.

1950-இல் அந்தப் பூசைக்கே அவர் போக வேண்டி வந்தது. மகள் செல்லக்கனியைத் தன் பையனுக்குப் பெண் கேட்டிருந்த அய்யாத்துரை திருவொற்றியூர்க்காரர். பண்டிகைப் பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வாருங்கள், முடிந்ததும் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பக்தியான குடும்பமா என்று எடை போடத்தான் கூப்பிடுகிறார் என்பது தவசிமுத்துவுக்குத் தெரியாதா என்ன? தாயில்லாப் பெண். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி அப்பாவும் மகளும் எட்டு மணிக்கே படுத்துவிட்டார்கள். ராயபுரத்தில் நடுச்சாமப் பூசை முடிந்து மணி அடித்ததும் தவசிமுத்து எழுந்தார். தூக்கம் முழுதாகக் கலையவில்லை. பூசை முடிந்ததும் கருப்பட்டிக் காப்பி போடுவது அவருடைய வருடாவருட வழக்கம். கை தன்பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்தது. காப்பியைக் குடித்தார். எப்போதும்போல் அரை டம்ளரை மகளின் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு மறுபடி படுத்தார்.

அந்தக் காலத்தில் நடுச்சாமம் தாண்டி ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அன்றைய பூசையில் நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், வாங்கக் கூடாது. தெரிந்தே வாங்கினால் நரகத்தில் தள்ளும் சாவான பாவம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தவசிமுத்துவுக்கு இது உறைத்தது திருவொற்றியூர்க் கோயிலில், சாமியார் நன்மை கொடுக்கப் பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதிக்கு இறங்கி வந்தபோதுதான். நாக்கில் கருப்பட்டி இன்னும் இனித்தது. ஆண்கள் வரிசை முழுக்க எழுந்து போனது, அய்யாத்துரையும் போனார். பண்டிகை நாளில் நன்மைக்குப் போகாதவனை ஏதோ பெரிய பாவத்தை மறைக்கிறவன் என்றுதான் நினைப்பார்கள். போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவரால் முடியவில்லை. இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் தலைமாட்டு டம்ளர் ஞாபகம் வந்தது. கிளம்பும்போது அது காலியாக இருந்ததை அவரே பார்த்திருந்தார். பதறிப்போய்ப் பெண்கள் பக்கம் திரும்பினார். செல்லக்கனி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே கிராதிக்குப் போய், முழங்காலிட்டு வாயைத் திறந்தாள்.

வெளியே வந்ததும் அய்யாத்துரை பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க, நன்மைக்கு எய்ந்துக்காம குந்திகினு இர்ந்தீங்க?"

"பழக்கதோசத்துல ஒரு மணிக்குக் காப்பி குடிச்சிட்டேன்," என்றார் தவசிமுத்து.

அய்யாத்துரை அவரையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி வுடுங்க. பொண்ணு ஒழுங்கா போய் வாங்கிச்சில்ல, நான் பாத்துகினுதான் இர்ந்தேன். அது போதும் சம்மந்தி."

ஜட்காவில் ஏறியதும் தவசிமுத்து மகளிடம் கேட்டார். "காப்பி குடிச்சது நெனப்பில்லாமப் போயிட்டியாம்மா?" ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது அவருக்கு.

"நெனப்பு இருந்துச்சுப்பா," என்றாள் செல்லக்கனி. "நீங்க ஒக்காந்துட்டீங்க. நானும் ஒக்காந்தா இந்த எடமும் போயிடும்."

மகளை எப்படிக் கோபித்துக்கொள்வார் தவசிமுத்து? டம்ளரை அவள் தலைமாட்டில் வைத்தது அவர்தானே.