அநாதைக் கோப்புகளின் அம்மா

எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் ஆளாளுக்குப் பொது டிரைவில் கோப்புகளைக் கொட்டிவைத்திருந்தோம். ‘இறுதி’, ‘புது இறுதி’, ‘இதுதான் இறுதி, தொடாதே’ என்று பெயர் வேறு. அத்தனையையும் புது ஆவண சிஸ்டத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, வேலை என் பக்கத்து மேஜைக்காரி தலையில் விழுந்தது. அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவள் நான்தான். இன்றுவரை அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

புது சிஸ்டத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், செத்துப்போனவர்கள் கோப்புகளை யாரும் கேட்காவிட்டால் அழித்துவிடலாம். இவளோ அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். பார்த்த பிறகு எப்படி மனசு வரும்? எல்லாவற்றுக்கும் உரிமையாளர் என்று தன் பெயரையே போட்டுவிட்டாள்.

மதிய வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் படுத்திருக்கும். திரையில் நீலக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அவள் கன்னத்தில் கை வைத்து, யாரும் கட்டாத ஒரு நூலகத்தின் வரைபடத்துக்குள் போய்விடுவாள். “அக்கா, அந்த மாடிப்படியில நேத்து ஏறினேன். மேல வட்டமா ஒரு ஜன்னல். காத்து அப்படி வருது” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒருநாள் அவள் பேசப் பேச, என் காலுக்கடியிலும் படி இருப்பதுபோல் தோன்றியது. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அவள் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. பள்ளிக்கூடம் அங்கே நல்லது என்று மகளும் அவனோடுதான். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக இவளுக்கும் அந்த ஊருக்கே மாற்றல் வந்தது. கையில் உத்தரவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சிரித்தாள். அப்புறம்தான் மேலாளர் வந்து குண்டைப் போட்டார். ஒரு கோப்பு அவள் பெயரில் இருந்தாலும் சிஸ்டத்தில் அவள் கணக்கை மூட முடியாது, கணக்கை மூடாமல் விடுவிக்க முடியாது.

கோப்புகளை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கெஞ்சினாள். ஒருவரும் அசையவில்லை. அழித்துத் தொலை, யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக நீ பெற்றதை விடுவாயா என்று நான் தினமும் கத்தினேன். கிணற்றில் போட்ட கல். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று புருஷனிடம் தவணை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் மதியம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் மகள்தான் முதலில் கத்துவாள். அன்றைக்குப் புருஷன் குரல் மட்டும்தான் கேட்டது.

“பாப்பா எங்க?” என்றாள்.

“விளையாடுறா. கூப்பிட்டேன், வரல.” கொஞ்சம் தயங்கினான். “அம்மா எப்ப வருவாங்கன்னு இப்பல்லாம் அவ கேக்கறதில்ல.”

போனை வைத்தாள். அழவில்லை. எதையோ எண்ணுவதுபோல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழிக்கும் கோரிக்கைக்கு இரண்டாவது ஆள் ஒப்புதல் தர வேண்டும் என்பது சிஸ்டத்தின் விதி. எங்கள் பிரிவில் அந்த இரண்டாவது ஆள் நான். சாயங்காலம் என் திரையில் மொத்தமாக ஒரே கோரிக்கை வந்தது. பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். பையை மூடிக்கொண்டிருந்தாள்.

காரணம் எழுதும் இடத்தில் வழக்கமாகக் ‘காலாவதி’ என்றுதான் போடுவோம். அவள் வேறு ஒன்றை எழுதியிருந்தாள்.

‘உரிமையாளர் மகளிடம் போகிறார்.’

காரணம் போதுமானதா என்று சிஸ்டம் என்னைக் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.