பத்தொன்பது சந்தனப் பொட்டு

1962 அக்டோபர் 6, சனிக்கிழமை, மாலை நாலு பத்து. வடமதுரைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. காற்று இல்லை, வியர்வை காயவில்லை. பழனி ரோட்டுப் பட்டறையில் எங்கள் பழைய கார், பெயிண்ட் முழுதும் உரிக்கப்பட்டு வெறும் தகரமாக நின்றது.

கார் அண்ணனுக்காக வாங்கியது. அவர் ஓட்டிய லாரியை முதலாளி விற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. டாக்சி பர்மிட் கிடைத்திருந்தது. பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கறுப்பும் மஞ்சளும் அடித்து வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும்; தவறினால் பர்மிட் ரத்து. அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான நான்தான் பணம் போட்டேன். அதனால் பட்டறையில் என் பேச்சு எடுபட்டது.

பட்டறைக்காரர் ஒரு பாய், எங்களைவிட மூத்தவர். நாலு நாளாகக் கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்தார். முப்பத்தாறு தாள் தீர்ந்தது. துரு ஆழமாக இருந்த இடங்களில் ஆசிட் தடவிக் கழுவி, உலர்த்தி, பெட்ரோல் துணியால் துடைத்தார். தகரம் புதுத் தட்டுப் போல மின்னியது. துருப் பிடிக்காமலிருக்க முதலில் பூசும் ரெட் ஆக்சைடு டின்னைத் திறந்து குச்சியால் கலக்கினார்.

“தம்பி, மழை வாரதுக்குள்ள முதல் கோட் அடிச்சிருவோம்.”

“இன்னைக்கு அஷ்டமி பாய். நாளைக்கு நவமி, ஆயுத பூஜை. திங்கக்கிழமை விஜயதசமி. அன்னைக்கு ஆரம்பிங்க” என்றேன்.

அண்ணன் சிரித்தார். “ஏலே, சுரண்டுனப்ப நாளு பாத்தியா?”

“அது பழசைக் கழிக்கிறது. இது புதுசைத் தொடங்குறது.”

“தகரம் பஞ்சாங்கம் பாக்காது தம்பி. ஆனா உங்க சாமி விசயம், நான் குறுக்க பேசக் கூடாது” என்று பாய் டின்னை மூடினார். அண்ணன் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை போட்டோம். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, வெறும் தகரத்தின் மேல் நானே பொட்டு வைத்தேன். மொத்தம் பத்தொன்பது. மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பிள்ளைகள் பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பூசணிக்காய் உடைத்தோம். சாயங்காலம் தூறல் விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் போனேன். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் பழுப்பு வளையம். பானெட்டில் சின்னக் கைகள் விரல் விரலாகத் துருவில் பதிந்திருந்தன. மஞ்சள் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் புள்ளி.

“இது மேலயே அடிச்சா என்ன பாய்?”

“மூடுனா உள்ள இருந்து திங்கும் தம்பி.”

மறுபடி சுரண்டினார். செவ்வாயும் புதனும் மழை. பகலில் சுரண்டிய இடம் விடிவதற்குள் மறுபடி பழுப்பாகியது. கரி அடுப்பு மூட்டி வைத்தும் ஈரம் போகவில்லை. புதன்கிழமை இடது பின் கதவின் அடியில் பிரஷ் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. வியாழக்கிழமை வேறு வழி இல்லை. துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்தார், அது காய்வதற்குள் அதன் மேல் கறுப்பையும் மஞ்சளையும் அடித்தார்.

வெள்ளிக்கிழமை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். அதிகாரி இடது பின் கதவில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரலோடு கறுப்புத் தோல் உரிந்து வந்தது. அடியில் பழுப்பு. குனிந்து ஓட்டையையும் பார்த்தார்.

“பெயிண்ட்டா அடிச்சிருக்கீங்க? போர்வை போத்திக் கொண்டாந்திருக்கீங்க.”

“ஒரு வாரம் குடுங்கய்யா” என்றார் அண்ணன்.

“குடுத்த நாள் இன்னையோட முடிஞ்சிருச்சு.” விரலைத் துடைத்துக்கொண்டு, பர்மிட் ரத்து என்று எழுதினார்.

திரும்பும்போது அண்ணன்தான் ஓட்டினார். செத்த நேரம் கழித்து, “முதல் கோட் அடிக்க எம்புட்டு நேரம் ஆகும்னு பாய்கிட்டக் கேட்டேன். ரெண்டு மணி நேரமாம்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீபாவளி கழிந்ததும் வேடசந்தூர் மில்லில் பஞ்சுப் பொதி தூக்கப் போனார். மில் பஸ்ஸில் ஏறும்போதும் சட்டைப் பையில் லைசென்ஸ் இருந்தது. பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

காரைத் தை மாதம் பழைய இரும்புக்குப் போட்டோம். வாங்கிய விலை 1,800 ரூபாய். பட்டறைக்கு 214 ரூபாய் 60 நயா பைசா. சந்தனம், பூசணிக்காய் வகையறா 3 ரூபாய் 40. இரும்புக்கடையில் வந்தது 611 ரூபாய் 75. அதைக் கழித்தால் நஷ்டம் 1,406 ரூபாய் 25 நயா பைசா.