இரண்டாம் வரிசை எலிகள்

என் நாத்தனாருக்கு வீட்டில் நாங்கள் வைத்த பேர் எலிராணி. மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு எலிகூட அவளைக் கடித்ததில்லை.

அவள் மகளுக்கு ஒன்பது வயதிலிருந்தே சர்க்கரை. தினம் நாலு ஊசி. இன்சுலினை வாயில் கொடுத்தால் வயிறே அதைச் செரித்துவிடுமாம். அந்தக் கூடத்தில் கண்ணுக்கே தெரியாத நானோ உருண்டைகளுக்குள் இன்சுலினைப் பொதிந்து, வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்க் கரைகிற மாதிரி செய்து பார்த்தார்கள்.

"எலிக்கு வாயில மருந்து, பெத்த பொண்ணுக்கு ஊசியா? நல்லாருக்கும்மா உன் நியாயம்!" என்பாள் மகள்.

சர்க்கரை உள்ள எலிகள் இரண்டு வரிசை. முதல் வரிசைக்கு வெறும் உருண்டை, இரண்டாம் வரிசைக்கு இன்சுலின் வைத்தது. ஒருநாள் வால் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், முதல் வரிசையைவிட இரண்டாவதில் சர்க்கரை பாதிதான். எல்லோரும் கைதட்டினார்கள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா இவளைக் கட்டிக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"என்னடி ஆச்சு?"

"அண்ணி, ரத்தம் எடுக்கிறதுக்கு முந்தின நாள் ரெண்டு வரிசைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீனியை எடுக்கணும். நேத்து பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற அவசரத்துல, ரெண்டாவதுக்கு மத்தியானமே எடுத்துட்டேன், முதலாவதுக்குத் திரும்பி வந்து ஆறு மணிக்குத்தான் எடுத்தேன். அதைச் சொல்ல மறந்தே போச்சு. அது பட்டினியில குறைஞ்சதா இருக்கும்."

"சொன்னா வேலை போயிடுமேடி."

"போகட்டும். இதை நம்பித்தானே நாளைக்கு என் பொண்ணு வாயில ஊத்துவாங்க?"

அவளுக்கு வேலை தங்கட்டும் என்று நான் கடவுளிடம் வேண்டினேன். சொல்லும்போது நாக்குக் குழறக் கூடாது என்று மட்டும் அவள் வேண்டினாள்.

காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். "போச்சு, எல்லாம் வீண்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா பலகையில் எழுதியிருந்த முடிவை அழித்தார்.

"அடுத்த வாரம் திரும்பச் செய்வோம். ரெண்டு வரிசைக்கும் தீனியை நீங்கதான் எடுக்கணும்."

அடுத்த வாரம் தீனி எடுக்கிற சாயங்காலம் ஐந்தரைக்கே கடிகாரத்தின் கீழே போய் நின்றுகொண்டாளாம். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால், இந்தத் தடவை பாதி குறையவில்லை. கால்வாசிதான். யாரும் கைதட்டவுமில்லை.

"கால்வாசிதான் பாப்பா. ஆனா நெசமாவே குறைஞ்சிருக்கு" என்றாள் மகளிடம்.

அந்தப் பெண் வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "சரிம்மா, போய் மிச்சம் முக்காலையும் வாங்கிட்டு வா."