துரைசிங்கத்தின் பிளாஸ்க்

போன செவ்வாய்க்கிழமை காலை துரைசிங்கத்தின் மனைவி தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, அவர் போயிட்டார்" என்றார். சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு வரைபட அலுவலகத்தில் நானும் துரைசிங்கமும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து வேலை செய்தோம். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மிடையே உள்ள பெரியவர் ஒருவருக்காகவும் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வாசிக்கும்போது அவருக்கே விளங்கும்.

அப்போது சிட்னியில் எங்களவர்கள் ஒரு வான் வண்டிக்குள் அடங்கும் அளவுதான். ஒருநாள் எல்லோருமாகத் தேசியப் பூங்காவுக்குள் முன்னாள் பிரதமர் ஒருவர் ஓய்வெடுத்த பழைய மரவீட்டைப் பார்க்கப் போனோம். தகரக் கூரை, செதுக்காத தூண்கள், நடுவில் ஒரு நீண்ட மேசை. மரம் வெட்ட வந்தவர்களோடு அந்த மேசையில்தான் பிரதமர் சாப்பிடுவார் என்று காவலாளி சொன்னார். பெரியவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பாத்தீங்களே, பெரிய மனிசன் எண்டா இப்பிடி இருக்கவேணும்" என்றார்.

சற்று நேரத்தில் துரைசிங்கம் தன் பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். "தம்பி ஊரில எந்தப் பக்கம்?" என்று பெரியவர் கேட்டார். துரைசிங்கம் தன் தெருவின் பெயரை ஒளிக்காமல் சொன்னார். தெருவின் பெயரிலிருந்தே சாதியை அறியும் வித்தையை நாங்கள் கடல் தாண்டியும் மறக்கவில்லை. "எனக்குத் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது" என்று பெரியவர் கோப்பையை அதே மேசையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். நானும் வைத்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "நீர் வைச்சதை மறந்திடுவன். அந்தாளைக் குடிக்க வைக்காமல் விடமாட்டன்" என்றார் துரைசிங்கம்.

அதன் பிறகு கலியாணமோ பொங்கலோ, தேநீர்த் தட்டை அவரே தூக்குவார். நேரே பெரியவர் முன் போய், "ஐயா, தேத்தண்ணி" என்று நிற்பார். ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டவர் வேறு யார் கையாலும் வாங்க முடியுமா? வீட்டில் நாளுக்கு ஆறு கோப்பை குடிக்கிறவர், ஐந்து வருடமாக எல்லா விசேஷத்திலும் வெறும் தண்ணீரோடு இருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

செத்தவீட்டுக்குப் பெரியவரும் வந்தார். "தங்கமான பிள்ளை, எங்கட ஆள்" என்று கண்ணைத் துடைத்தார். நான் குசினிக்குள் போய் அந்த பிளாஸ்கில் தேநீர் நிரப்பி எடுத்து வந்து, ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினேன்.

"ஐயா, துரைசிங்கத்தின்ர பிளாஸ்க். உங்கட ஆள்தானே, குடியுங்கோ."

வீடே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக் குடித்தார். கோப்பையின் அடி தெரியும்வரை நான் அவர் முன்னாலிருந்து நகரவில்லை. துரைசிங்கத்தின் மனைவி எழுந்து வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ அண்ணை" என்றார்.

பிளாஸ்கை அவர் எனக்கே தந்துவிட்டார். பெரியவரே, தைப்பொங்கலுக்குக் கொண்டு வருகிறேன்.