நான் நிறுத்திவிட்ட புரோகிராம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிற எல்லாருக்கும் ஒரே புகார்தான்: "ரொம்ப ஸ்லோ லா." பட்டனை அழுத்திவிட்டுக் கொட்டாவி விட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும்போதே கூட இருபது புரோகிராம் கேட்காமல் எழுந்து வந்தால் அது பாவம் என்ன செய்யும்? அதுகளைத் தட்டிப் படுக்க வைப்பதுதான் மலேசியாவில் இந்த யோங் பெங் ஊரில் என் பிழைப்பு.

பதினைந்து நிமிஷம்

டயர் கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் லெட்சுமி அக்காவின் கம்ப்யூட்டர் காலையில் திறக்கப் பதினைந்து நிமிஷம் எடுக்கும். பார்த்தால், வைரஸைத் தடுக்க மூன்று புரோகிராம். மூன்றும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. என்றைக்கோ தூக்கிப்போட்ட பிரிண்டருக்கு வேறு ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கினேன். ஒரு நிமிஷத்தில் திறந்தது. அக்கா முகம் வாடிப்போச்சு.

"அந்தப் பதினஞ்சு நிமிஷத்துலதாம்மா நிம்மதியா தேத்தண்ணி குடிப்பேன்."

என் திமிர்

எனக்கு இந்த வேலையில் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் மாரிமுத்து ஐயாவின் கம்ப்யூட்டரில் கை வைத்தேன். எஸ்டேட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள், காது சரியாகக் கேட்காது. ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை. தானாகத் திறக்கிற எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஞாயிறுதோறும் குளித்து, திருநீறு பூசி, நல்ல சட்டை போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு முன்னால் உட்காருவாராம். மகன் கூப்பிடுவானாம். போனில் பேசினால் இவருக்குக் கேட்காது. முகத்தைப் பார்த்தால்தான் வாயசைவு புரியும். இரண்டு ஞாயிறு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார். என்மேல் குறை சொல்ல வரவில்லை, தான்தான் எதையோ தப்பாகத் தொட்டுவிட்டோமோ என்று பயந்து வந்திருந்தார்.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுதும்மா. மவன்தான் வரல."

சிவப்பு வரிசை

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு மௌஸ் பிடிக்க வராது என்று, வீடியோ கால் புரோகிராம் தானாகத் திறக்கும்படி மகன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அதையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன். தப்பு உங்களுடையது இல்லை ஐயா, என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று தலையாட்டினார்.

மறுபடி போட்டுவிட்டதும் எடுக்காத அழைப்புகள் சிவப்பாக வரிசை கட்டி நின்றன. இரண்டு ஞாயிறும் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறான். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ என் மவன் மறக்கல."

இப்போதெல்லாம் ஒவ்வொரு புரோகிராமையும் நிறுத்துமுன் இது யாருக்கு வேணும் என்று கேட்டுவிடுகிறேன். அதனால் கம்ப்யூட்டரை வேகமாக்கித் தரும் என் கடைதான் இந்த ஊரிலேயே மெதுவான கடை.