இடது பின்னங்கால்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்குப் பெயர் பீரோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில், கழற்றாமல் ஏற்றவே முடியாது என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிட்ட இரும்பு பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமல் போனது. கோபம் வந்தால் மனைவிகூட, "பீரோ மாதிரி நிக்காதீங்க, தள்ளுங்க" என்பாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இல்லை. அந்தப் பேச்சை இருவரும் பேசி ஓய்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

நாய்கள் வீட்டுக்கு வந்தது, அப்படி வேலைக்குப் போன ஓர் இடத்திலிருந்துதான். வெளியூருக்குக் குடிபோன ஒரு குடும்பம், சாமான் முழுக்க வண்டியில் ஏறிய பிறகு, சமையலறை மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டி, "இதை மட்டும் நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டது. உள்ளே இரண்டு குட்டிகள். ஒரே ஈற்று, இரண்டும் ஆண். பீரோவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசமா?" என்று கேட்டாள் மனைவி. சாயங்காலம் பார்த்தால் அவள்தான் இரண்டுக்கும் கிண்ணத்தில் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

கொழுகொழுவென்று இருந்தது பெருசு. மற்றது சின்னது. அதற்கு மேல் பெயர் வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. பெருசு வளர வளர வீட்டை இரண்டாக்கியது. செருப்பு ஒரு ஜோடி சேர்ந்திருக்க விடாது. சின்னது கொஞ்சம் ஓடினால் போதும், மூச்சிரைக்க உட்கார்ந்துவிடும். பின்னங்கால்களைச் சேர்த்து வைத்து முயல்போலத் தத்தும். "சோம்பேறி, உங்க வம்சம் இல்ல" என்று மனைவி சிரித்தாள். ஒருநாள் அது கட்டில்மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. மீதி உடம்பை ஏற்ற முடியவில்லை. அப்படியே தொங்கியபடி திரும்பி அவரைப் பார்த்தது. மறுநாளே பீரோ அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. தொடையை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், பிறகு நாற்காலியை இழுத்து பீரோ பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நல்ல சேதியாக இருக்காது என்று பீரோவுக்குத் தெரியும்.

"பொறக்கும்போதே தசையில ஒரு புரதம் இல்லண்ணா. அதனால நடக்க நடக்கத் தசை கிழியும். உடம்பு அதைத் தச்சுத் தச்சு ஒட்டும். ஒரு கட்டத்துக்கு மேல ஒட்ட முடியாமப் போயிடும்."

"மருந்து?"

"இல்லண்ணா."

"நல்லாச் சாப்பிட வச்சா? நடக்க வச்சுப் பழக்கினா?"

"அதனால ஆகாது."

 டாக்டரம்மா கொஞ்சம் தயங்கி, பின்பக்கக் கட்டடத்தில் தங்கள் குழு செய்யும் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். தசைக்குள் ஸ்டெம் செல் என்று சில செல்கள் சும்மா படுத்திருக்கும். அடிபட்டால் எழுந்து பெருகிப் புதுத் தசை கட்டுவது அவைதான். நல்ல தசையிலிருந்து அவற்றை எடுத்து, வெளியே வளர்த்து, நோயுள்ள தசையில் ஊசியால் ஏற்றினால், ஏற்றிய இடத்தில் நல்ல தசை வருகிறது. எலிகளில் வந்திருக்கிறது. அடுத்து நாயில் பார்க்க வேண்டும்.

"கூடப்பிறந்த நாய் இருந்தா ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்" என்றார்.

"இருக்கே!" என்று எழுந்தேவிட்டார் பீரோ.

"முழுசாக் கேளுங்க. இடது பின்னங்கால்ல மட்டும்தான் செல் போடுவோம். வலது கால்ல வெறும் உப்புத்தண்ணி. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். இது ஆராய்ச்சிண்ணா, வைத்தியம் இல்ல."

பீரோ தலையை ஆட்டினார். காதில் விழுந்தது என்னவோ புதுத் தசை என்ற வார்த்தை மட்டும்தான்.

பெருசின் தொடையிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்தார்கள். சில நாள் நொண்டிவிட்டு அது பழையபடி செருப்பைத் தேடப் போய்விட்டது. துண்டிலிருந்து பிரித்த செல்கள் கதகதப்பான ஒரு பெட்டிக்குள் வளர்ந்தன. டாக்டரம்மா அவரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

"இதுவா தசை? மீன்குஞ்சு மாதிரில்ல இருக்கு."

"இன்னும் ஆகலண்ணா. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நீளமான நாரா மாறும்."

சின்னதுக்கு ஊசி போட்ட பிறகு, உடம்பு புதுச் செல்களைத் தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை. அது மனைவியின் பொறுப்பானது. முட்டைக்குள் மறைத்துக் கொடுப்பாள். சின்னது முட்டையை முழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் துப்பும். அவள் திட்டிக்கொண்டே மறுபடி மறைப்பாள். பெருசு பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு ஏன் வியாதி வரவில்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாதங்கள் போயின. ஒருநாள் சின்னதின் இடது தொடையைத் தடவிய பீரோ கையை எடுக்கவில்லை. வலது தொடை துவண்டு கிடந்தது. இடது, பிடித்தால் பிடி கொடுத்தது. சோதனைக்கு எடுத்த துண்டிலும் நல்ல நார்கள் வந்திருந்தன. பெருசின் செல்களிலிருந்து முளைத்தவை. ஆராய்ச்சிக் கூடத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவின் கண் கலங்கிவிட்டது. பீரோ உச்சி குளிர்ந்து, கம்பெனியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் சின்னது இடது காலை உந்தி எழும். வலது கால் வழுக்கும். நேராகப் போக நினைத்து அரைவட்டம் போட்டுச் சுவரில் முட்டும். முதல் தடவை பார்த்தபோது மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அடுப்பைக் கவனிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு விழுங்குவது கஷ்டமானது. தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மூச்சு விடும்போது வயிறு எக்கி எக்கி வாங்கியது. பீரோ அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், பின்னாலேயே மனைவியும். பெரிய நாயாக வளர வேண்டியது, துணிமூட்டை கனம்கூட இல்லை.

"டாக்டரம்மா, கால்ல வந்துச்சு இல்ல? தொண்டையில போடுங்க. நெஞ்சுல போடுங்க."

"முடியாதுண்ணா. ஊசி போட்ட இடத்தை விட்டு அந்தச் செல் நகராது. மூச்சு விடற தசை உள்ளுக்குள்ள துணி மாதிரி மெல்லிசா விரிஞ்சிருக்கு. அது முழுக்க எத்தனை ஊசி குத்த முடியும்? ரத்தத்துல கலந்து விட்டுப் பார்த்தோம். எலியிலேயே போய்ச் சேரல."

"பெருசுகிட்ட இன்னும் எடுத்துக்கங்க. பத்தலன்னா..." பீரோ கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். "என் தொடையில எடுங்க. எவ்வளவு வேணுமோ எடுங்க. இது தாங்கும்."

 மனைவி குனிந்து அவர் கால்சட்டையை இறக்கிவிட்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"அப்ப எதுக்கும்மா அந்தக் கால்ல போட்டீங்க?"

"கால்லதான் எங்களுக்குப் போடத் தெரியும்க்கா."

அந்த வாரமே, மத்தியான வேளையில், ஆஸ்பத்திரி மேஜைமேல் சின்னது போய்விட்டது. கடைசி வரைக்கும் இடது கால் மட்டும் மேஜையை உதைத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ரொம்ப நேரம் மென்று முழுங்கி, பின்னங்கால்கள் இரண்டையும் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார். பீரோ தலையாட்டினார்.

 வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது மனைவி, "யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவீங்களா?" என்றாள்.

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே பெருசு குரைத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு படங்கள், காலுக்கு ஒன்று. ஒன்றில் பச்சை வளையங்கள் நெருக்கமாக மின்னின. மற்றது இருட்டாக இருந்தது. பச்சையாகத் தெரிவது, பிறக்கும்போதே இல்லாத அந்தப் புரதம்தான் என்றார். வேறு ஊர்களில் இதே வேலை செய்கிறவர்களுக்கும் இந்தப் படத்தை அனுப்பப் போகிறார்களாம்.

"இதுல எது அவன்?" என்று கேட்டார் பீரோ.

"ரெண்டுமே அவன்தாண்ணா."

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் ஒருவர் மடியில் குட்டியோடு உட்கார்ந்திருந்தார். கையில் பெயின்ட் கறை, பெயின்டராக இருக்க வேண்டும். குட்டியின் வாயோரம் எச்சில் வழிந்ததைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, பீரோவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"உங்க நாய்க்குக் கால்ல புதுசா தசை வந்துச்சாமே? உள்ள சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கு?"

பீரோ நின்றார். என்னென்னவோ வாய்வரை வந்தது. குட்டி அவர் விரலை மோந்து பார்த்தது.

"டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க" என்றார். "நல்லாப் பார்த்துக்குவாங்க."

சொல்லிவிட்டு அந்த ஆளின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.